தம்பியின் ஊஞ்சலும் கிணற்றடி அழுகையும்

என் மகனுக்கு மூன்று வயது முடிந்த காலத்தில், சனிக்கிழமை என்றாலே எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நெஞ்சு இடிக்கும். அன்றைக்குத்தான் அவனுக்கு எண்ணெய் வைத்து முழுக வார்ப்பது. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்களுடையது செம்மண் வளவு. கிணற்றுக்குப் பக்கத்தில் சீமெந்துத் தளம், ஓரத்தில் உடுப்புத் தோய்க்கிற கல். தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர். வாளிக்குள் கையை விட்டு அளைந்துகொண்டு அரை மணித்தியாலம் நிற்பான். ஆனால் தலையை அலசுவதற்காக நான் கல்லில் இருந்து, அவனை மடியில் குறுக்கே கிடத்தி, பிடரியைத் தாங்கிப் பின்னுக்குச் சரித்தால் போதும், ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்துவான். பத்து விரல்களாலும் என் சட்டையைப் பிடித்துக்கொள்வான். கழுத்தில் நகக்கீறல் இல்லாத சனிக்கிழமையே அப்போது இல்லை.

"கண்ணுக்குள்ள சீயாக்காய் போகுது பிள்ளை, அதுதான் அழுறான்" என்றார் மாமி. சீயாக்காயை விட்டுக் குழந்தை ஷாம்பூவுக்கு மாறினோம். அழுகை நிற்கவில்லை. தண்ணீர் குளிர் என்று நினைத்துச் சுடுதண்ணீர் கலந்தோம். அப்போதும் அதே அழுகை. பயந்திருக்கிறான் என்று நூல் கட்டினோம்.

இதே பிள்ளை முற்றத்து வேப்பமரத்தின் கீழ் நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இருபது முப்பது தரம் சுழல்வான். மற்றப் பிள்ளைகள் நாலு சுற்றிலேயே தள்ளாடி விழுந்து சிரிப்பார்கள். இவன் சுழன்று நின்றதும் ஒன்றும் நடக்காததுபோல் நேராக நடந்துபோவான். வருஷப்பிறப்புக்குக் கட்டிய ஊஞ்சலை அவிழ்க்கவே விடவில்லை. இப்படிச் சுழலுகிற பிள்ளைக்குத் தலையைக் கொஞ்சம் சரித்தால் ஏன் உயிர் போகிறது? இந்தக் கேள்விதான் என்னை ஒரு வருஷம் அலைய வைத்தது. இதே கேள்வியோடு இன்னொரு வீட்டில் ஒரு தாய் இருப்பார் என்ற நினைப்பில்தான் இதை எழுதுகிறேன்.

அவனுக்கு ஓட்டிசம் என்று உறுதியானது இரண்டரை வயதில். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, வந்த நாலைந்து சொற்களும் மறைந்தது எல்லாவற்றையும் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் அக்காதான் முதலில் கவனித்து, குழந்தை வைத்திய நிபுணரிடம் காட்டச் சொன்னார். முதல் வேலையாகக் காது கேட்கிறதா என்று பார்த்தார்கள். யாருடைய பிள்ளையானாலும் அந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். கேட்கிற உறுப்பும் சமநிலையை உணர்கிற உறுப்பும் உட்காதில் ஒன்றோடு ஒன்று ஒட்டித்தான் இருக்கின்றன. பேச்சுக்கான பயிற்சி ஒரு பக்கம் தொடங்கியது. சில மாதம் கழித்து, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற ஒக்குபேஷனல் தெரபிக்கும் எழுதித் தந்தார்கள். கிளினிக்கில் எல்லாரும் ஓ.ரி. என்றுதான் சொல்வார்கள்.

ஓ.ரி. மிஸ் வயதில் என்னைவிட இளையவர். நான் கிணற்றடிக் கதையைச் சொல்லி முடிக்கும்வரைக்கும் இடையில் ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, தலையில தண்ணி வார்க்கேக்க அவன்ர கால் எங்க இருக்கும்?"

எனக்கு விளங்கவில்லை. அங்கே கிடந்த பொம்மையை மடியில் வைத்துச் செய்துகாட்டச் சொன்னார். கிடத்தினேன், பிடரியைப் பிடித்தேன், சரித்தேன். பொம்மையின் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின.

"கண்ணை மூடச் சொல்லுவீங்களோ?"

"ஓம், நுரை போகுமெல்லே."

"அப்ப அவனுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. தலையும் பின்னுக்குப் போகுது. தான் எங்க இருக்கிறன் எண்டு அவன் எப்பிடி அறியிறது?"

அன்றைக்கு அவர் விளக்கியதையும், பிறகு நான் வாசித்துத் தெரிந்துகொண்டதையும் என்னால் முடிந்தளவு எளிதாகச் சொல்கிறேன். விழாமல் நிற்பதற்கு உடம்பு மூன்று இடத்துச் செய்திகளைச் சேர்த்துப் பார்க்கிறது. ஒன்று கண். இரண்டாவது தசையும் மூட்டும்: கண்ணை மூடினாலும் கை எங்கே, கால் எங்கே என்று தெரிவது இவற்றால்தான். மூன்றாவது உட்காது. ஒவ்வொரு உட்காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. அவற்றுக்குள் இருக்கிற திரவம் தலை திரும்பும்போது அசைந்து, எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்கிறது. அவற்றின் அடியில் இரண்டு சிறிய பைகள். அதற்குள் பசைபோன்ற ஒரு படலம், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கல்சியம் காபனேற்றுத் துகள்கள். தலை சரிந்தால் அந்தத் துகள்களின் பாரம் ஒரு பக்கமாக இழுக்கும். மேல் எது, கீழ் எது என்று நமக்குத் தெரிவது அதனால்தான்.

ஓட்டிசமுள்ள பல பிள்ளைகளின் மூளை இந்தச் செய்திகளை எங்களுடையதைப்போல அளந்து எடுப்பதில்லை. ஒரு செய்தி மிகக் குறைவாகத் தெரியும், இன்னொன்று தாங்க முடியாதளவு பெரிதாகத் தெரியும், சிலவேளை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். மனநலக் குறைபாடுகளை இனங்காண அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடுகிற கையேட்டின் 2013ஆம் ஆண்டு ஐந்தாவது பதிப்பில், புலன் உணர்வுகளுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. குழப்படி, அடம், பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் பெயர் வைத்துக்கொண்டிருந்த பலவற்றுக்கு அந்த வரியில் இடம் இருந்தது. அதை வாசித்த இரவு அவனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் போய் இருந்து நீண்ட நேரம் அழுதேன். ஒரு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சின்ன உயிரைக் கிணற்று விளிம்பிலிருந்து தள்ளிவிடுவதுபோல் நான் நடத்தியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை கல்லில் அவனை இருத்தினேன். இரண்டு பாதமும் சீமெந்தில் முழுதாகப் பதிந்திருந்தன. அவனுடைய இரண்டு கையையும் தன் முழங்காலிலேயே அழுத்திப் பிடிக்க வைத்தேன். தலையைச் சரிக்கவில்லை. நாடியை நெஞ்சில் முட்டக் குனியச் சொல்லி, நெற்றியில் ஒரு துவாயை மடித்துக் கட்டினேன், கண்ணுக்குள் நுரை வராதபடி. கண்ணைத் திறந்தே வைத்திருந்தான், தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு. "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணி ஒரு பேணி தண்ணீர், பிறகு ஒரு சின்ன இடைவெளி. நாலாவது பேணியை அவனே என் கையிலிருந்து பறித்துத் தன் தலையில் ஊற்றினான். அழுகை முழுதாக நின்றதென்று சொல்லமாட்டேன். சிணுங்கினான். ஆனால் கழுத்தில் கீறல் இல்லை.

அந்த நாலாவது பேணியிலிருந்து நான் பிடித்துக்கொண்ட ஒரு விஷயம், பிறகு எல்லாவற்றுக்கும் சாவியாக உதவியது. அவனே தொடங்கி அவனே நிறுத்தக்கூடிய அசைவு எவ்வளவு பெரிதானாலும் அவனுக்கு ஆறுதல். இன்னொருவர் செய்கிற அசைவு எவ்வளவு சின்னதானாலும் அது அவனுக்கு ஆபத்து. வேப்பமரத்தடியில் முப்பது தரம் சுழலும்போது எப்போது நிற்பது என்று அவனுக்குத் தெரியும். என் மடியில் அது அவனுக்குத் தெரியாது. இதை அறிந்த பிறகு அவனைத் திடீரெனத் தூக்குவதை நிறுத்தினோம். சொந்தக்காரர் வந்து பாசத்தில் மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கப் பார்த்தால், மாமியே முன்னுக்கு வந்து "அவனைக் கேட்டிட்டுத் தூக்குங்கோ" என்று சொல்லத் தொடங்கினார்.

இந்தப் பாடத்தை ஒருமுறை கசப்பாகவும் படித்தோம். அவனுக்கு நாலு வயது நெருங்கும்போது, யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். சுழல் கதிரையில் இருத்திச் சுற்றினால் மூளை தூண்டப்பட்டுப் பேச்சு வரும் என்று அங்கே சொன்னார்கள். முதல் இரண்டு நிமிஷம் சிரித்தான். நாங்களும் மகிழ்ந்தோம். பிறகு சிரிப்பு நின்றது. முகம் வெளிறியது, மேலுதட்டில் வியர்வை பொடித்தது, கொட்டாவி விட்டான். "பழகீடுவார்" என்று சொல்லி இன்னும் சுற்றினார்கள். ஓட்டோவில் வரும் வழியில் இரண்டு தரம் சத்தி எடுத்தான். அன்றிரவு நித்திரையே இல்லை. அடுத்த மூன்று நாளும் ஊஞ்சல் பக்கமே போகவில்லை. ஆசையாக ஆடுகிற பிள்ளைக்கும் ஒரு எல்லை உண்டு, அந்த எல்லையை அவனால் வாயால் சொல்ல முடியாது. வெளிறல், வியர்வை, கொட்டாவி, சிரிப்பு திடீரென நிற்பது: இந்த நாலில் ஒன்றைக் கண்டாலும் அந்த நொடியிலேயே நிறுத்துங்கள். இன்னொன்று, ஓட்டிசமுள்ள பிள்ளைகளிடையே வலிப்பு நோய் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. உங்கள் பிள்ளைக்கு வலிப்போ இருதயப் பிரச்சினையோ இருந்தால், டொக்டரைக் கேட்காமல் சுழற்றுகிற விளையாட்டு எதுவும் வேண்டாம்.

காசு கட்டுகிற பெற்றோருக்கு இதையும் சொல்ல வேண்டும். கண், தசை, உட்காது போன்றவற்றின் செய்திகளை மூளை சேர்த்துப் பயன்படுத்துவதைப் புலன் ஒருங்கிணைப்பு என்பார்கள். ஊஞ்சல்போன்ற அசைவுகளால் அதைச் சீராக்கப் பார்ப்பதுதான் இந்தச் சிகிச்சை. இந்தக் கருத்தை வளர்த்தவர் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஓ.ரி. அவருடைய முக்கிய நூல் 1972இல் வந்தது. அதன்பிறகு உலகம் முழுவதும் இந்தச் சிகிச்சை பரவிவிட்டது. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அக்கடமி 2012இல் வெளியிட்ட அறிக்கை, இதற்கான ஆய்வுச் சான்று குறைவாகவே இருக்கிறது, அதைப் பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றது. பிள்ளை அமைதியாகும் என்று போடுகிற பாரம் வைத்த மேலங்கிகளுக்கும் நல்ல சான்று இல்லை. எனவே "ஊஞ்சல் ஆடினால் பேச்சு வரும்", "இத்தனை மாதத்தில் சுகம்" என்று யாராவது உறுதி தந்தால் அங்கே காசைக் கொட்டாதீர்கள். எங்கள் மிஸ் அப்படி ஒரு வாக்கும் தரவில்லை. "அவன்ர ஒரு நாள் அவனுக்கு லேசாப் போகோணும், அவ்வளவுதான் அக்கா" என்பார். தலை முழுகுவது, படி இறங்குவது, பாலர் பாடசாலையில் அரை மணித்தியாலம் இருப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்து, இது லேசாகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்தோம். லேசாகாததைக் கைவிட்டோம்.

வீட்டில் செய்ததற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. கைக்குழந்தையில் அவனைப் போட்ட ஏணைதான் முதல் சாமான். மாமியின் பழைய நூல் சேலையை இரட்டையாக மடித்து மாமரக் கொப்பில் கட்டினோம், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில். உள்ளே இருந்தால் சேலை உடம்பு முழுக்க அணைத்துப் பிடிக்கும், கால் வேண்டும்போது நிலத்தில் முட்டும். முன்னும் பின்னும் மெதுவாக, ஒரே தாளத்தில் ஆடினால் அவன் அமைதியாவான். குறுக்கும் மறுக்குமாக வேகமாக ஆடினால் உசாராகிவிடுவான், பிறகு சோற்றுக்கு இருத்துவது கஷ்டம். எனவே வேகமான ஆட்டம் காலையில், மெதுவான ஆட்டம் பின்னேரம் விளக்கு வைத்த பிறகு என்று பழக்கிக்கொண்டோம். ஏணைக்குக் கீழே மணல் கொட்டியிருக்கிறோம். ஒவ்வொரு கிழமையும் இவர் கயிற்றையும் கொப்பையும் இழுத்துப் பார்ப்பார். பிள்ளை ஏணையில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும். கழுத்தில் துணி சுற்றக்கூடிய பொருள் அது, ஒரு நிமிஷமும் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது.

ஏணையைவிட எனக்குப் பெரிய உதவி செய்தது பாரம்தான். தள்ளுவது, இழுப்பது, தூக்குவது எல்லாம் தசைக்கும் மூட்டுக்கும் வேலை கொடுத்து, உடம்பு எங்கே இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லித் தருகின்றன. பின்னேரம் தோட்டத்தில் கத்தரிக்குத் தண்ணீர் விடும்போது, அவனுடைய சின்ன வாளியில் கால்வாசி தண்ணீர் நிரப்பிக் கொடுப்பேன். கிணற்றடியிலிருந்து வேலி வரைக்கும் பத்து நடை. விழுந்த தென்னம்மட்டையில் தன் அக்காவை இருத்தி இவன் இழுப்பான், பிறகு அவள் இவனை இழுப்பாள். நாங்கள் சின்ன வயதில் விளையாடிய அதே விளையாட்டு. பிட்டுக்கு மா குழைக்க இருத்தினால், முதலில் கையில் மா ஒட்டுவது பிடிக்காமல் உதறினான். ஒரு கரண்டியைக் கொடுத்தேன். இரண்டு மாதம் கரண்டியால் கிண்டினான். பிறகு ஒரு நாள் கரண்டியை வைத்துவிட்டு விரல் நுனியால் தொட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. பார்த்தால் கையை எடுத்துவிடுவான்.

பாயில் சுருட்டி உருட்டுகிற விளையாட்டும் அவனுக்கு விருப்பம். பனையோலைப் பாய் விளிம்பு கீறும், எனவே துணிப்பாய். தலையும் தோளும் கட்டாயம் வெளியே. அவன் "காணும்" என்று கையால் காட்டினால் உடனே அவிழ்த்துவிட வேண்டும். அப்படி நாங்கள் அவிழ்த்துவிடுவோம் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் அவன் திரும்பவும் உள்ளே படுக்கத் தானாக வந்தான்.

படி இறங்குவது இன்னும் முழுதாகச் சரிவரவில்லை. ஏறுவான். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்பான். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் பெயின்ரால் ஒரு கோடு போட்டது உதவியது. உட்காது உறுதியாகச் சொல்லாததைக் கண் சொல்லிக் கொடுக்கிறது. இருட்டில் அவன் அதிகம் விழுவதன் காரணமும் அதுவே, எனவே இரவில் கிணற்றடி விளக்கை அணைப்பதில்லை. குதிக்கால் தூக்கி நுனிக்காலில் நடக்கிற பழக்கமும் இருந்தது. அதை டொக்டரிடம் காட்டினோம். நெடுநாள் அப்படி நடந்தால் குதிநாண் இறுகிவிடக்கூடும் என்று சொல்லிச் சில நீட்டல் பயிற்சி தந்தார்கள். செருப்பில்லாமல் மணலில் நடக்கும்போது குதி தானாக நிலத்தில் படிகிறது என்பதை நாங்கள் காரைநகர் கசூரினாக் கடற்கரையில் கண்டோம். அங்கே கரையோரம் நீண்ட தூரத்துக்கு ஆழமில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் எதிர்த்து நடப்பது அவனுக்கு நல்ல வேலை. வீட்டுக்கு வந்து ஒரே நித்திரை.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் பற்றிக் கேட்கிறவர்கள் பலர். இருபத்தைந்து நாள் திருவிழாவில் ஒரு நாளாவது பிள்ளையைக் கொண்டுபோகாவிட்டால் எங்களுக்கு மனம் ஆறாது. முதல் வருஷம் தேருக்கே கொண்டுபோனோம். தவில், மணி, அரோகரா, நாலு பக்கமும் முட்டுகிற தோள்கள். சனத்துக்குள் நெரிபடும்போது எங்களுக்குக்கூட நிலை தடுமாறும். அவன் மண்ணில் விழுந்து காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான். "பிள்ளையை வளர்க்கத் தெரியேல்லை" என்று யாரோ ஒருவர் சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறது. அடுத்த வருஷம் கொடியேறுவதற்கு முந்திய கிழமையில் ஒரு நாள், வெயில் ஏறுமுன் போய், வீதி மணலில் அவனை நடக்க விட்டோம். திருவிழா தொடங்கிய பிறகு ஒரு சாதாரண நாள் காலையில், தெற்கு வீதி ஓரத்தில் பத்து நிமிஷம். காதுக்கு ஒலி குறைக்கிற கவசம், கையில் இறுக்கிப் பிடிக்க ஒரு சின்னத் தேங்காய். தேங்காயின் பாரம் அவனை நிலத்தில் பிடித்து வைத்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திரும்பிப் போக வேண்டும் என்று அவன் என் கையை இழுத்தபோது திரும்பினோம். தேர் பார்ப்பது அக்காவும் இவரும் மட்டும்தான்.

பாலர் பாடசாலைக் கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். முதல் இடத்தில் சப்பாணி கட்டி நேராக இருக்கவில்லை என்பதற்காகத் தோளைப் பிடித்து அழுத்தி இருத்தினார்கள். பிறகு "இவரால மற்றப் பிள்ளையள் குழம்புதுகள்" என்று சொல்லி நிற்பாட்டிவிட்டார்கள். சாய்மானம் இல்லாமல் நிமிர்ந்து இருப்பதே அவனுடைய நடுவுடம்புத் தசைக்கு ஒரு பெரிய வேலை. அந்த வேலையைச் செய்துகொண்டு பாட்டும் கேட்க அவனால் முடியாது. இப்போது போகிற இடத்து ரீச்சர் அவனைச் சுவரோரம் சாய்ந்து இருக்க விட்டார். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீர்ப் போத்தல் கூடையை முன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போகிற வேலையையும் அவனுக்கே கொடுத்தார். போய் வந்து இருந்தானென்றால் கொஞ்ச நேரம் கேட்பான். இதற்காக அவர் எந்தப் பயிற்சிக்கும் போனவர் இல்லை. நான் சொன்னதைக் கேட்டார், செய்து பார்த்தார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

வருகிற ஜனவரியில் ஒன்றாம் ஆண்டு. பாடசாலையைப் போய்ப் பார்த்தோம். அங்குள்ள கதிரையில் இருந்தால் அவனுடைய கால் நிலத்தில் முட்டவில்லை, நாலு விரல் அந்தரத்தில் நிற்கிறது. கிணற்றடியில் தொங்கிய அதே கால்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இவர் பலகை வெட்டி நாலு விரல் உயரத்தில் ஒரு கால்பலகை அடித்தார். வழுக்காமல் இருக்க மேலே பழைய சைக்கிள் ரியூப் ஒட்டியிருக்கிறது. அதிபரிடம் காட்டினோம், கொண்டுவரச் சொன்னார். இப்போது சாப்பாட்டு மேசைக்குக் கீழே வைத்துப் பழக்குகிறோம். நேற்று இரவு சோற்றுக்கு வந்தபோது பலகை அங்கே இல்லை, அக்கா எடுத்துத் தன் அறையில் வைத்திருந்தாள். தம்பி கதிரையில் ஏறவில்லை. அறைக்குப் போய், இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, மேசைக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு ஏறி இருந்தான்.